இனி கீரை சாப்பிடலாம்

போனில் யாரிடம் பேசினாலும் முதலில் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட வேண்டும், சார். அதற்குப் பிறகு நாம் சொல்வதைக் கேட்டுக்கொள்வார்கள். பாரதியார் சாலை கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். நாளைக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று ஞாபகப்படுத்துவது என் வேலை. என் குரல் நல்ல குரல் என்று நோயாளிகள் சொல்வார்கள். நேரில் பார்க்கும்போது, அந்த ஜூலியட் நீங்கள்தானா என்று சிரிப்பார்கள்.

நெடுங்காடு சந்திரா இறந்துபோனதற்கு எங்கள் டாக்டர்தான் காரணம் என்று அவள் மகன் சசிதரன் இந்த ஸ்டேஷனில் உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறான். டாக்டர் தவறான ஆலோசனை சொன்னாரா இல்லையா, அதை மட்டும் சொன்னால் போதும் என்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

அவர் பெயர் சிலுவைராஜ். கீழவாஞ்சூர் போகிற சாலையில் ஒரு பட்டறையில் லாரி அடிச்சட்டம் நிமிர்த்துகிற வேலை. நாள் முழுக்க இரும்பில் சம்மட்டி அடித்து அடித்துக் காது பாதி போய்விட்டது. போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுக் காதோரம் வைத்துக்கொள்வார். கஜா புயலில் எங்கள் வீட்டு ஓடு முழுதும் பறந்த பிறகு, கம்பியும் சிமெண்டும் கிரெடிட் கார்டில் வாங்கித் தளம் போட்டோம். தளம் நன்றாகத்தான் இருக்கிறது, இன்றுவரை ஒழுகவில்லை. வட்டிதான் ஏறிக்கொண்டே போனது. அவர் கட்டிக்கொண்டே இருந்தார், அது குறையவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். அவருக்குப் போன் வந்தது. ஒரு பையன் குரல். "ஐயா, சாப்பிட்டாச்சுங்களா? கார்டு டிபார்ட்மெண்ட்லேருந்து பேசுறேன்" என்றான். ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு வட்டியைப் பாதியாகக் குறைக்கிறார்கள், உங்கள் பெயர் வந்திருக்கிறது என்றான். என் வீட்டுக்காரர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒழுங்காகக் கட்டுகிறவர் என்று யாரோ ஒருவர் அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டார். "இப்ப ஒரு நம்பர் வரும்ங்கய்யா, அதை மட்டும் சொல்லுங்க. பயப்படாதீங்க, ஒரே நிமிஷந்தான்." அவருக்கு எழுத்து சரியாகத் தெரியாததால் போனை என்னிடம் நீட்டினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். அவர் அதை உரக்கத் திருப்பிச் சொன்னார்.

கார்டில் மிச்சம் இருந்ததும் போயிற்று, சேமிப்புக் கணக்கில் இருந்ததும் போயிற்று. நீங்களே எண்ணைச் சொல்லிவிட்டதால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று பேங்கில் சொன்னார்கள். புகார் எழுதிக் கொடுத்தோம். அந்த போன் நம்பர் ராஜஸ்தானில் ஒரு பெரியவர் பெயரில் இருந்ததாம். வசூலுக்கு வருகிறவர்கள் முதலில் வீட்டுக்கு வந்தார்கள், பிறகு பட்டறைக்கு வந்தார்கள். அங்கே வேலை செய்கிற எல்லார் முன்னாலும் நின்று பேசினார்கள்.

நான் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை, சார். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். வேறு பெண்ணாக இருந்தால் தெருவே கூடியிருக்கும். நான் சோறு போட்டேன், துணி துவைத்தேன், அவர் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான். பேசவில்லை. எனக்குச் சத்தம் போடுவது பிடிக்காது. அவருக்குக் காது மந்தம் என்பதால் நான் பேசவில்லையா, பேசியது தனக்கு விழவில்லையா என்று தெரியாது. தட்டின் முன்னால் உட்கார்ந்து நிமிர்ந்து பார்ப்பார். "ஏதோ சொன்னியா ஜூலி?" என்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பார். ஐப்பசி மழை ஆரம்பித்து, மார்கழியும் வந்துவிட்டது. கிறிஸ்துமசுக்குக் குடில்கூட வைத்தோம். அப்போதும் கேட்டார்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் பட்டறை வாசலில், நிலக்கரி ஏற்றி வந்த லாரி பின்னோக்கி வரும்போது அதன் வழியில் நின்றிருக்கிறார். ஹாரன் அடித்தேன், அவர் நகரவில்லை என்றான் டிரைவர். காது கேட்காதவர், விபத்து என்று எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனால் லாரி ஹாரன் அவருக்குக் கேட்கும். அவரை அந்த இடத்தில் நிறுத்தியது அந்தப் பையனின் குரல் என்பதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அவர் போனை நான் அணைக்கவில்லை. சார்ஜ் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். கோடையில் அது அடித்தது. "சிலுவைராஜ் ஐயா இருக்காருங்களா?" அதே பையன். போன பணத்தை மீட்டுத் தரும் பிரிவிலிருந்து பேசுகிறானாம், அதற்கு ஒரு சின்னக் கட்டணம் உண்டாம். ஏமாந்தவனை இன்னொரு தடவை ஏமாற்றுவது சுலபம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஐயா வெளியே போயிருக்கிறார் என்றேன். பேச்சை வளர்த்தேன். அவன் மறுபடி மறுபடி கூப்பிட்டான். நான் ஒவ்வொரு தடவையும், நகையை அடகு வைக்கக் கேட்டிருக்கிறேன், இன்னும் கொஞ்சம் பொறு தம்பி என்பேன். வெயிலைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு நாள் அவன் தன்னையறியாமல் கேட்டான். "மேட்டூர் தொறந்துட்டாங்கல்ல, நம்ம பக்கம் வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சாங்கம்மா?"

நம்ம பக்கம் என்றான். கேட்டவுடன் அவனே சுதாரித்துக்கொண்டு கட்டணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். எனக்கு அது போதும். எங்கள் பக்கத்துப் பையன், வயல் உள்ள ஊர்ப் பையன். அதற்குப் பிறகு அந்த நம்பரிலிருந்து அழைப்பு வரவில்லை. நான் பஸ்ஸில், கோயிலில், டீக்கடை வாசலில் என்று எங்கே போனாலும் பையன்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அவனைத் தேடி நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அவனே என் மேஜைக்கு வந்தான்.

சந்திரா எங்களிடம் மாதாமாதம் வருகிற நோயாளி. நெஞ்சில் வால்வு மாற்றியவள். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும், அளவு சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும். வயல் வேலைக்குப் போன உடம்பு, கை கால் எல்லாம் நரம்பும் எலும்பும். என்னை நர்சம்மா என்றுதான் கூப்பிடுவாள். நான் நர்ஸ் இல்லை என்று ஒரு தடவை சொன்னேன். அவள் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து போனை என்னிடம் நீட்டினாள்.

"எம் மவன் பேசுறான் நர்சம்மா. எனக்குச் சொல்லத் தெரியல. டாக்டர் என்ன சொன்னாருன்னு நீங்களே சொல்லிடுங்க."

வாங்கிக் காதில் வைத்தேன். "சிஸ்டர், சாப்பிட்டாச்சுங்களா? அம்மாவுக்கு ரிப்போர்ட் எப்படிங்க இருக்கு? ஒரே நிமிஷந்தான், சொல்லுங்க."

நான் ரிப்போர்ட்டைப் பார்த்து நிதானமாகப் பதில் சொன்னேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, கீரை மட்டும் சேர்க்க வேண்டாம், அது மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது என்றேன். "ரொம்ப நன்றிங்க சிஸ்டர்" என்றான். என் குரல் அவனுக்கு ஞாபகம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேசுகிறவன், ஞாபகம் இருக்காது.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சந்திராவை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். மகன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். பெங்களூரில் பேங்க் வேலை என்றாள். அப்பா இல்லாத பிள்ளை. அவள் நடவுக்குப் போய் வளர்த்திருக்கிறாள். "ஆப்பரேசனுக்கு எங்க போறதுன்னு தெரியாம கெடந்தேன் நர்சம்மா. ஐப்பசியில ஒரே மாசத்துல அவ்வளவையும் பொரட்டிக் கொண்டாந்து கட்டிட்டான். இந்த நெஞ்சு எம் மவன் போட்ட நெஞ்சு" என்று மாரில் கை வைத்துக் காட்டினாள்.

ஐப்பசி மாதம், சார். எங்கள் பணம் போனதும் ஐப்பசிதான். அவள் கை வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அடித்த சம்மட்டி அந்த நெஞ்சுக்குள்தான் அடித்துக்கொண்டிருக்கிறது என்று பட்டது. யாரோ ஒருவர் வீட்டில் நம்முடைய சாமானைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

உங்களிடம் வந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால் அவனைப் பிடித்து உள்ளே வைத்திருப்பீர்கள். கொஞ்ச நாளில் வெளியே வந்திருப்பான், அவன் அம்மா சோறு போட்டிருப்பாள். அடியாள் வைத்து அடிக்கிற வழக்கமெல்லாம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அவன் சாகவும் எனக்கு வேண்டியதில்லை. செத்தவனுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லாமல் இருப்பது எப்படி என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அதற்கு அவன் உயிரோடு இருக்க வேண்டும். கொஞ்ச நாள் யோசித்துத்தான் முடிவு செய்தேன். ஆத்திரத்தில் செய்தது என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

என் சொந்தப் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். சாப்பிட்டீங்களா அக்கா என்று கேட்டேன். ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அளவைக் குறைக்கலாம் என்று டாக்டர் பார்த்துக்கொண்டு வருகிறார், உங்கள் பெயர் வந்திருக்கிறது என்றேன்.

"அப்படின்னா கீரை திங்கலாமா நர்சம்மா?" என்றாள்.

கீரைதான் அவளுக்குப் பெரிய குறை. வரப்பு முழுக்கப் பொன்னாங்கண்ணி கிடக்கிறது, கொல்லையில் முருங்கை நிற்கிறது, வாயில் வைக்க முடியவில்லை என்று ஒவ்வொரு மாதமும் என் மேஜையில் வந்து புலம்புவாள். இனி கீரை சாப்பிடலாம் என்றேன்.

"எம் மவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கட்டுமா?" என்றாள். அவள் விவரமில்லாதவள் இல்லை. கேளுங்கள், கேட்க வேண்டியதுதான், நானே பேசுகிறேன் என்று சொல்லி அவனுக்கும் போன் செய்தேன். இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள், சார். டாக்டர் இப்படிச் சொல்கிறார் என்று அவனிடம் சொன்னேன். டாக்டரிடம் கொடுங்கள் என்று அவன் கேட்கவில்லை. மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று கேட்கவில்லை. கிளினிக் நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடவில்லை. அந்தத் தொழிலே செய்கிறவன். "நீங்க சொன்னா சரிதாங்க சிஸ்டர். அம்மா உங்களைப் பத்தித்தான் எப்பவும் பேசும்" என்றான். மறுத்திருந்தால் விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் குறைக்கச் சொன்னேன். பிறகு நிறுத்தச் சொன்னேன். மாதாந்திர ரத்தப் பரிசோதனைக்கு இப்போதைக்கு வர வேண்டாம், பஸ்ஸுக்கு அலைய வேண்டாம், அரை நாள் கூலியும் மிச்சம் என்றேன். டாக்டர் ஒரு தடவை, நெடுங்காட்டு அம்மா வரவில்லையே என்று கேட்டார். மகனோடு பெங்களூருக்குப் போயிருக்கிறார், அங்கே பார்த்துக்கொள்கிறார் என்றேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் மேல் ஒரு தவறும் இல்லை.

வாரம் தவறாமல் கூப்பிட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது, மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா என்று விசாரிப்பேன். மாத்திரையால் கையில் கன்றியிருந்த ரத்தக்கட்டெல்லாம் மறைந்துவிட்டது, உடம்பு பஞ்சு மாதிரி இருக்கிறது என்பாள். பிறகு பேச்சு எங்கெங்கோ போகும். எந்த வயல் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை, ஆட்டுக்குட்டி எங்கே மாட்டிக்கொண்டது, மகனுக்குப் பார்த்த பெண் என்ன படித்திருக்கிறாள், எல்லாம் சொல்வாள். நானும் சொல்வேன். என் வீட்டுக்காரர் தவறிப்போனதைச் சொன்னபோது அவள் அழுதாள். எப்படி என்று கேட்டாள். லாரி என்றேன். அந்தக் கடைசி மாதங்களில் அவரிடம் பேசாத பேச்சையெல்லாம் இவளிடம் பேசினேன் என்றுகூடச் சொல்லலாம். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் கை தானாகப் போனை எடுக்கும். அவளை எனக்குப் பிடித்திருந்தது. அதில் பொய் இல்லை. பிடித்திருந்தது வேறு, இது வேறு.

ஒரு நாள் சொல்லாமல் கிளினிக்குக்கே வந்துவிட்டாள். டாக்டர் உள்ளே இருந்தார். இன்றைக்கு டாக்டர் லீவு என்று சொல்லி, வாசலிலேயே வைத்துப் பேசி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போய் ஏற்றிவிட்டேன். அவள் டாக்டரைப் பார்க்க வரவில்லை. எனக்காக முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டு வந்திருந்தாள். "ஒத்தையில கெடக்கிறீங்க, வாய்க்கு ருசியா ஆக்கித் தின்னுங்க" என்றாள். உருவி, பருப்புப் போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டேன். மனசாக ஒருவர் கொடுத்ததை வீணாக்கக் கூடாது.

உடம்பு லேசாக இருக்கிறது என்று அவள் மறுபடி நாற்றுப் பறிக்கப் போக ஆரம்பித்திருக்கிறாள். நாற்றங்காலில்தான் விழுந்தாள். ஒரு பக்கம் கையும் காலும் போய்விட்டது, வாய் கோணிப் பேச்சும் போய்விட்டது. உறைந்த ரத்தம் மூளைக்குப் போயிருக்கிறது என்றார்களாம். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போனேன். என்னைத் தெரிந்துகொண்டாள், நல்ல பக்கத்துக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்லப் பார்த்தாள், வரவில்லை. மகன் வந்து சேர்ந்த மறுநாள் போய்விட்டாள்.

அவள் உடலை எடுக்கிற நேரத்துக்கு மாலை வாங்கிக்கொண்டு போனேன். சசிதரனை அன்றைக்குத்தான் முதலில் முகம் பார்த்தது. ஒல்லியான பையன், தாடிகூட ஒழுங்காக வளரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், இனிமே நான் யாருகிட்டங்க பேசுவேன்" என்றான். அந்தக் குரல் உடைந்து கேட்டால் என் மனம் ஆறிவிடும் என்று அத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு யோசித்தபோதுதான் ஏன் என்று புரிந்தது. சாமி கூப்பிட்டுக்கொண்டது என்று அவன் நினைக்கிறான். அவனிடமிருந்து எடுத்தது யார், எதற்காக எடுத்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் அது வெறும் சாவுதான். எல்லா வீட்டிலும் நடக்கிறது.

அதன் பிறகு அவன் டாக்டர் மேல் புகார் கொடுத்தான். மாத்திரையை நிறுத்தியது தப்பு என்று பெரிய ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிளினிக்குக்கு வந்து, டாக்டர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினான். என்னைப் பார்த்ததும் அடங்கி, "நீங்க என்ன செய்வீங்க சிஸ்டர், அவரு சொன்னதைத்தானே சொன்னீங்க" என்றான். நான் செய்ததற்கு இன்னொருவர் மேல் கோபப்படுகிறான். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. நல்ல மனுஷர் பெயர் கெடுகிறதே என்பதும் உண்டு. ஆனால் அது மட்டும் இல்லை என்று உங்களுக்கும் தெரிகிறது, எனக்கும் தெரிகிறது.

கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவில்லை. ஃபாதர் நல்லவர், மன்னித்துவிடுவார். எனக்கு மன்னிப்பு வேண்டாம். எழுத்தில் பதிவாக வேண்டும்.

ஆகையால் எழுதிக்கொள்ளுங்கள். சந்திராவின் மாத்திரையை நிறுத்தியது நான். நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் நிறுத்தினேன். டாக்டர் எதுவும் சொல்லவில்லை, நானாகச் சொன்னேன். யாரும் தூண்டவில்லை. என் போனில் எல்லா அழைப்பும் இருக்கிறது, ஒன்றையும் அழிக்கவில்லை.

எனக்கு வக்கீல் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். சசிதரன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், வரும்போது பார்த்தேன். இதை அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள், பாதியில் மூடிவிடுவான். நீங்களே உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரர் பெயர், வால்வு, கீரை, ஒன்றையும் விட வேண்டாம். அவன் தாங்க மாட்டான், சின்னப் பையன். அழுதால் என்னைக் கூப்பிடுங்கள், சார், நான் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். தனக்கு ஒன்று என்றால் மகனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி சந்திரா என்னிடம் கேட்டிருந்தாள், நானும் சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நம்பினவர்களை ஏமாற்றுகிற ஆள் இல்லை நான்.